மீனாம்பாளின் சவுண்ட் பாக்ஸ்

பழுது பார்த்து வந்த கிராமபோனில் மீனாம்பாள் முதல் இசைத்தட்டைப் போட்டபோது கடையில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாவி கொடுக்கத் தொடங்கியதுமே போன்களைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள்.

எல்ல ஊரிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் ரோட்டில் ஒரு வளைவு. அங்கேதான் அவளுடைய டீக்கடை. தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு அடுப்பு. வேன்களும் ஓட்டோக்களும் அங்கே வந்து நிற்பது டீக்காக இல்லை. டீ மலை முழுக்கக் கிடைக்கும். அந்தக் கறுப்புப் பெட்டிக்காகத்தான். சூட்கேஸ் மாதிரி மூடியைத் திறந்து, பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிவிட்டால் கரண்டே இல்லாமல் பாடும். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் அப்புவாக இருந்த அவளுடைய மாமனாருக்குக் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. தொழிலாளர் லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் வெகுகாலம் கிடந்ததை, கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுக் கடை போட்டபோது மீனாம்பாள்தான் வெளியே இழுத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்குச் சோறு.

ஊசி தட்டில் இறங்கியது. நாகஸ்வரம் வரவேண்டிய இடத்தில் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் வந்தது.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீனாம்பாள் சட்டென்று ஊசியைத் தட்டிலிருந்து தூக்கினாள். கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்த தட்டில், ஊசி ஓடிய இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் வளையமாகக் கிடந்தது. ஊசி முனையில் கறுப்புத் தூள்.

"ஊசி பழசா?" என்றான் புருஷன் தம்பையா, அடுப்பை விட்டு நகராமல்.

"இப்பத்தான் மாத்துனேன்."

ஊசி விஷயத்தில் அவள் தப்பே செய்ததில்லை. உருக்கு ஊசி ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் தேய்ந்து விளிம்பு கட்டிவிடும். அதையே மறுபடி போட்டால் தட்டை உழுதுவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. பதுளையில் டப்பா டப்பாவாக வாங்கி வந்து வைத்திருந்தாள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த தட்டு.

அவள் குனிந்து, ஊசி மாட்டுகிற வட்டமான சவுண்ட் பாக்ஸைப் பார்த்தாள். சத்தம் பிறப்பது அதில்தான். அதில் ஊசியை இறுக்குகிற திருகாணி எப்போதோ தொலைந்துபோக, தம்பையா தையல் மெஷின் திருகாணி ஒன்றை மாட்டியிருந்தான். இதில் இருந்தது புத்தம்புதுப் பித்தளைத் திருகாணி. சவுண்ட் பாக்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். பழையதை விடக் கனத்தது.

"இது நம்மளோடது இல்ல."

தம்பையா ஸ்குரூ டிரைவரோடு வந்தான். தட்டுச் சுழல்கிற பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த கிரீஸ் படிந்த பழைய இரும்பு மோட்டரைக் காணவில்லை. அந்த இடத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி இலேசான, மினுங்குகிற ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பெட்டி மட்டும்தான் நம்ம பெட்டி," என்றாள். "உள்ளுக்க இருந்ததை உருவிட்டானுங்க."

"சத்தம் கித்தம் போடாம புஹாரி கடையில போய்க் கேளு. அவங்க நல்ல ஆளுங்க."

"நல்ல ஆளுங்களா இருந்தா நான் ஏன் சத்தம் போடப் போறேன்?"

வெள்ளைக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

*

பதுளை பசார் வீதியில் புஹாரி ஸ்டோர்ஸ். தையல் மெஷின் சாமான், அடுப்புத் திரி, மணிக்கூட்டு பெட்டரி எல்லாம் விற்கிற கடை. ஆனால் கண்ணாடி அலுமாரியில் இருப்பது வேறு: கிராமபோன் ஊசி டப்பாக்கள், சுருள் ஸ்பிரிங்குகள், மைக்காத் தகடுகள், ரப்பர் வளையங்கள். புஹாரியின் மகள் றஷீனா போனிலேயே எந்தெந்த நாட்டுக்காரரிடமெல்லாமோ ஓடர் எடுத்து, தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். நல்ல வியாபாரம். பின்னறையில் பழுது பார்ப்பதும், ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் வாங்கி வருவதும் தம்பி அஸ்ஹரின் வேலை.

மீனாம்பாள் பெட்டியோடு உள்ளே வந்தபோது றஷீனா ஒரு பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மீனாக்கா. பெட்டி எப்படிப் பாடுது?"

"நீங்களே கேளுங்க, முதலாளியம்மா."

மேசையின் மேல் பெட்டியைத் திறந்து வைத்து, சாவி கொடுத்து, அதே தட்டைப் போட்டாள். கீச்சென்ற சத்தத்தில் றஷீனாவின் கை டேப்பிலேயே நின்றுவிட்டது. அஸ்ஹர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தான்.

"ரெக்கோட் பழசு," என்றான், இருக்கு என்பதை ஈக்கி என்கிற அவர்கள் வீட்டுப் பேச்சில். "தேஞ்சு போயீக்கி. பெட்டியில ஒண்டும் பிழையில்ல."

"பெட்டி இங்க வந்துட்டுப் போற வரைக்கும் தேயாத ரெக்கோட், வந்துட்டுப் போனதும் தேஞ்சிருச்சா தம்பி?"

"ஸ்பிரிங் அறுந்த வேகத்தில மோட்டர் பல்லு எல்லாம் போயிட்டு. அதான் புதுசு போட்டன். சவுண்ட் பாக்ஸும் வெடிச்சு ஈந்திச்சு."

"சரி, வெடிச்சதைக் குடுங்க."

"வீசியாச்சு."

"எங்க வீசுனீங்க? குப்பையைக் காட்டுங்க. நான் பொறுக்கிக்கிறேன்."

றஷீனா சவுண்ட் பாக்ஸைக் கழற்றிக் கையில் வாங்கினாள். பார்க்கவே தேவையில்லை. கனத்தைக் கொண்டே தெரிந்தது. வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிறவர்களுக்கு மட்டும் அவர்கள் விற்கிற மலிவுப் போலி அது. அதை ஒரு நல்ல தட்டின் மேல் வைக்கவே கூடாது. தம்பியைப் பார்த்தாள். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் இரண்டு பேர் சாமான் வாங்க நின்றார்கள்.

"நாளைக்கு வாங்க அக்கா," என்றாள் றஷீனா, தாழ்ந்த குரலில். "நான் பாத்து வைக்கிறன்."

மீனாம்பாள் அவளை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கையில எடுத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சிய நான் பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டு, நாளைக்கு வாங்கன்னு சொல்றீங்க."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பஸ்ஸுக்குப் போகிறாள் என்றுதான் றஷீனா நினைத்தாள். ஆனால் அவள் கடைப் படியிலேயே உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தாள். சாவி கொடுத்தாள். தட்டைப் போட்டாள்.

சத்தம் பசார் வீதியில் ஏறியது. தட்டு முடிந்ததும் ஊசியை மாற்றாமல் மறுபடி ஆரம்பத்தில் வைத்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டு செத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அவள் கையே அதைச் செய்தது. போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். எதிரே வெற்றிலை விற்கிறவன் எழுந்து வந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். டியூஷன் முடிந்து போன பெண்பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள்.

"என்னம்மா இது?" என்று யாரோ கேட்டார்.

"என்னோட கிராமபோனுங்க. இந்தக் கடையில ரிப்பேருக்குக் குடுத்தேன். உள்ளுக்க இருந்த உசுரைத் திருடிட்டு இந்தச் சனியனை மாட்டிக் குடுத்திருக்காங்க. கேளுங்க. நல்லாக் கேளுங்க!"

அஸ்ஹர் வாசலுக்கு வந்தான். "எழும்பிப் போங்க. இல்லாட்டி பொலிஸுக்குச் சொல்லுவன்."

"சொல்லு தம்பி. நம்பர் தெரியலைன்னா நான் குடுக்கறேன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். சாமான் வாங்க நின்ற இருவரும் வாங்காமலே போய்விட்டார்கள்.

உள்ளே நின்ற றஷீனாவுக்கு முதலில் வந்த கோபம் மீனாம்பாள் மேல்தான். கடையை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறாளே என்று. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்கக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அஸ்ஹரின் தோளைப் பிடித்துப் பின்னறைக்குள் இழுத்துப் போனாள்.

"எங்க அது?"

"ராத்தா, அவ சும்மா—"

"எங்க எண்டு கேட்டன்."

அவன் அக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த பிளையரை எடுத்துத் திருப்பிக்கொண்டே சொன்னான். நமுனுகுலைக்குக் கீழே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே மனேஜர் இந்திரஜித்திடம் அழகான பெரிய கிராமபோன் அலுமாரி ஒன்று இருந்தது. உள்ளே எல்லாம் துருப்பிடித்துப்போனது. பாடவைக்க நல்ல மோட்டரும் சவுண்ட் பாக்ஸும் கேட்டிருந்தான். மீனாம்பாளின் பெட்டியையே முன்பு விலைக்குக் கேட்டவன் அவன்தான். அவள் மறுத்திருந்தாள்.

"டீக்கடையில கிடக்கிற சாமான் ராத்தா. புகையும் தூசியும். அங்க ஈந்தா நல்லாப் பாத்துக்குவாங்க. அந்தப் பொம்பளைக்கு என்ன, ஏதோ ஒரு சத்தம் வந்தாப் போதும்தானே?"

"அவக்கு உன்னை விட நல்லாக் காது கேக்குது."

அவன் பிளையரை மேசையில் வைத்தான்.

"இது மொதத் தடவையா?"

அவன் பின்வாசலைப் பார்த்தான். றஷீனாவுக்கு எல்லாம் விளங்கியது. வெலிமடையில் ஒரு வீட்டில் வாங்கினேன், ஹாலிஎலையில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினேன் என்று அவன் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு சவுண்ட் பாக்ஸையும் பஞ்சால் துடைத்து, படமெடுத்து, அசல் என்று எழுதி விற்றது அவள்தான். முன்பக்கம் போய், கொஞ்சம் முன்பு ஒட்டிக்கொண்டிருந்த பார்சலை எடுத்துவந்து கத்தியால் கிழித்தாள். உள்ளே பஞ்சில் சுற்றிய பழைய சவுண்ட் பாக்ஸ் ஒன்று.

"இது யார்ட?"

"எனக்கு ஞாபகமில்ல."

அவள் அவனை அறைந்தாள். அஸ்ஹர் மீசை முளைத்த ஆள், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலால் வெளியேறினான்.

றஷீனா படிக்கு வந்து மீனாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தானே கையை நீட்டி ஊசியைத் தட்டிலிருந்து தூக்கினாள்.

"போதும் அக்கா. அது பங்களாவில ஈக்கி. வாங்க, போய் எடுப்பம்."

"என்கிட்ட மெதுவாச் சொன்னா எப்படி? இவ்வளவு பேருக்கு முன்னாடி அந்தப் பையன் என்னைப் பொய்க்காரி ஆக்குனான். இவ்வளவு பேருக்கு முன்னாடி சொல்லுங்க."

றஷீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"இந்த அக்கா சொல்றது உண்மை," என்றாள். "என்ட தம்பி எடுத்து வித்துட்டான்."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கடையைப் பூட்டினாள்.

*

பங்களாவின் விறாந்தையில் பிரம்பு நாற்காலிகள். விருந்தாளிகள் பின்னேரத் தேநீருக்காக வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் தேக்கு அலுமாரி, திறந்த மூடிக்குள் தட்டும் ஊசியைத் தாங்குகிற நீண்ட கையும். கையின் நுனியில் சவுண்ட் பாக்ஸ். பக்கத்தில் போகாமலே மீனாம்பாளுக்கு அந்தத் தையல் மெஷின் திருகாணி தெரிந்துவிட்டது.

இந்திரஜித் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. றஷீனா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டான்.

"நான் உங்க கடையிலதானே வாங்கினேன்? பில் இருக்கு. உங்க வீட்டுப் பிரச்சினையை நீங்க பேசித் தீர்த்துக்குங்க."

"களவுச் சாமான் எண்டு கடைக்காரி நானே வந்து சொல்றன். காசைத் திருப்பித் தாறன்."

"எனக்குக் காசு வேணாம். கெஸ்ட் எல்லாம் இதைக் கேக்கத்தான் இங்க வந்து உக்கார்றாங்க."

"என் கடைக்கும் அதுக்குத்தான் வந்தாங்க," என்றாள் மீனாம்பாள்.

இந்திரஜித் அவளை அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான். முகத்தில் ஒரு நல்ல யோசனை தோன்றிய சந்தோஷம் வந்தது.

"அம்மா, கோவப்படாதீங்க. ஒண்ணு செய்வோம். பின்னேரத்துல நீங்க இங்க வாங்க. நீங்களே சாவி குடுத்துப் பாடவைங்க. சம்பளம் போட்டுத் தாறேன். கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டு, இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு நின்னீங்கன்னா படம் எடுக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும்."

மீனாம்பாள் பதினைந்து வயதில் மாட்டிய கூடை அது. அட்டைக் கடியோடும் மழையோடும் அதைச் சுமந்து, கங்காணியோடு சண்டை போட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவள். அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நேரே அலுமாரிக்குப் போனாள். அதன் நீண்ட கையின் நுனியைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். சவுண்ட் பாக்ஸ் கழன்று உள்ளங்கைக்குள் வந்தது. அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப எடுங்க பாப்போம்."

காவல்காரன் ஓடி வந்தவன், அவளைப் பார்த்துவிட்டு, மனேஜரைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். விருந்தாளிகளில் ஒருவர் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

"பொலிஸைக் கூப்பிடுவேன்," என்றான் இந்திரஜித். மெல்லிய குரல் போய்விட்டது.

"கூப்பிடுய்யா! காலையில இருந்து எல்லாரும் பொலிஸ் பொலிஸ்னுதான் சொல்றீங்க, ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கறீங்க!"

அவன் கூப்பிட்டான்.

*

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கக் காத்திருந்தபோது றஷீனாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் உம்மா, அழுகை மட்டும். பிறகு பஸீல் மாமா, உம்மாவின் தம்பி.

"மகள், அவன்ட கல்யாணம் பேசி ஈக்கிற நேரம். அந்தப் பொம்பளைக்கு ஒரு புதுப் பெட்டியே வாங்கிக் குடுப்பம். நீ ஒண்டும் எழுதிக் குடுக்காம வீட்டுக்கு வா. குடும்பத்து மானத்தை அங்க வெச்சு விக்காத."

"வித்தது நான் இல்ல மாமா."

"தம்பியை உள்ளுக்குத் தள்ளப் போறியா?"

றஷீனா போனை அணைத்தாள். பக்கத்து வாங்கில் மீனாம்பாள், ரவிக்கையின் மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தான் எழுதிக் கொடுக்காவிட்டால் பங்களாவில் புகுந்து பொருளைக் களவெடுத்தவள் மீனாம்பாள்தான். பில் அப்படித்தான் சொல்லும்.

றஷீனா உள்ளே போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் பெயர் கேட்டபோது முழுப்பெயரையும் சொன்னாள். கையெழுத்துப் போடும்போது பேனா கடதாசியைக் கிழித்துவிட்டது.

சார்ஜன்ட் மீனாம்பாளிடம் கையை நீட்டினார். வழக்கு முடியும்வரை அந்தச் சாமான் பொலிஸில் இருக்கவேண்டும் என்று றஷீனா தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"என்னோடதுன்னு எழுதிக்கிட்டுத்தானே இருக்காரு? அப்புறம் ஏன் என்கிட்ட இருந்து புடுங்கறாரு?"

"சட்டம் அப்படியாம் அக்கா. மோட்டரையும் பங்களாவில இருந்து எடுத்துக்கிட்டு வருவாங்களாம்."

"திருடுனவன் கையில இருந்தப்ப பாடுச்சு. மனேஜர் கையில பாடுச்சு. எனக்குன்னு வரும்போதுதான் சட்டம் வருது."

ஆனாலும் கொடுத்தாள். மேசைமேல் ஓங்கி வைத்தாள். சார்ஜன்ட் அதை எடுத்து ஒரு உறைக்குள் போட்டார்.

*

அந்த சீசன் முழுவதும் கடைக்கு முன்னால் வேன்கள் வேகம் குறைத்து, பெட்டியைக் காணாமல், அப்படியே போய்க்கொண்டிருந்தன. தம்பையா மரக்கறி லொறிக்கு லோட் ஏற்றப் போனான். அஸ்ஹர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டம் கட்டிவிட்டு மொனராகலையில் சொந்தக்காரர் ஒருவரின் சீமெந்துக் கடைக்குப் போய்விட்டான். கல்யாணப் பேச்சு நின்றது. உம்மா ஒரே வீட்டில் இருந்துகொண்டே றஷீனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். றஷீனா பழைய வாடிக்கைக்காரர்களைத் தேடிப்போய் அவர்களுடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். சிலருக்கு அசலைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. சிலருடையது கடல் கடந்துபோய், வாங்கியவர்கள் பதிலே போடவில்லை. ஒருவர் அவளை வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பினார். பங்களா அலுமாரிக்குள் இப்போது புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ஒளித்துவைத்துப் பாடவைக்கிறார்கள் என்று வேன் டிரைவர்கள் சொன்னார்கள்.

கோர்ட்டிலிருந்து சாமான்கள் கிடைத்த மறுநாள் காலையில் றஷீனா நமுனுகுலை பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"கடைக்குக் கொண்டுபோய்ச் செய்யவா அக்கா? அங்க சாமான் எல்லாம் ஈக்கி."

"எங்கயும் போகாது. இங்கயே செய்ங்க. என் கண்ணுக்கு முன்னாடி."

றஷீனா வாங்கில் துணியை விரித்தாள். பழைய மோட்டரைத் துடைத்து, ஸ்பிரிங்கைச் சரிபார்த்து, கிரீஸ் போட்டு இறக்கினாள். சவுண்ட் பாக்ஸின் ரப்பர் வளையங்களை மாற்றினாள். மீனாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆணியும் போவதைப் பார்த்தபடி நின்றாள். எல்லாம் முடிந்ததும் வேறொரு தட்டைப் போட்டு, புது ஊசி மாட்டி இறக்கினாள். பெண் குரல் ஒன்று தெளிவாக எழுந்து ரோட்டுக்குப் போயிற்று. கீழே ஓட்டோ ஒன்று நின்றது.

நாகஸ்வரத் தட்டை றஷீனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல்.

"இதை ஒண்டும் செய்ய ஏலாது அக்கா."

"தெரியும். அதைக் கொன்னது பாதி உங்க தம்பி. பாதி நான்."

கொஞ்ச நேரம் இருவரும் பாட்டைக் கேட்டார்கள்.

"என் மேலயும் இன்னும் கோவம் ஈக்கா?" என்று றஷீனா கேட்டாள்.

"இருக்குங்க."

"பொலிஸ்ல நான் எழுதிக் குடுத்தனே?"

"குடுத்தீங்க. அதுக்கு முன்னாடி, கடையில, நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்களே. அன்னைக்கு நான் படியில உக்காராம பஸ் ஏறியிருந்தா?"

றஷீனா துணியை மடித்தாள். நன்றாக யோசித்தாள்.

"தெரியாது அக்கா," என்றாள்.

மீனாம்பாள் தலையை ஆட்டினாள். அந்தப் பதிலுக்காக அவள் கோபம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓட்டோவிலிருந்து இறங்கிய இருவர் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஏறி வந்தார்கள்.

"உக்காருங்க," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, றஷீனாவின் பக்கம் ஒரு கிளாஸை நகர்த்தினாள். "ஆறிடப் போகுது, குடிங்க. பதுளை பஸ் இப்ப வந்துரும்."